இறந்தவரைப் பேசவைக்கும் ஏ.ஐ.: என் ஸ்டூடியோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், கண்ணீர் அஞ்சலி பேனர், காரியத்துக்கு ஃபிரேம் போட்ட படம் என்று பிழைப்பு ஓடுகிறது. இரண்டு ஆண்டுகளாகப் புதிதாக ஒன்று கேட்கிறார்கள்: "போனவரைப் பேசவைத்துக் கொடுங்கள்." காசிமேட்டிலிருந்து வருகிறவரும் வியாசர்பாடியிலிருந்து வருகிறவரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஜெராக்ஸ் இயந்திரம் ஓட ஓட ஒவ்வொருவருக்கும் விளக்குவது முடியவில்லை. அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் என் சொந்த அண்ணனை இப்படிப் பேசவைத்துப் பார்த்தவன். அந்தக் கதையும் கீழே வரும்.

செத்துப்போனவரோடு போனில் பேசலாம் என்கிறார்களே, நிஜமா?

பேசலாம். பதிலும் வரும். பதில் சொல்வது அவர் இல்லை.

"ஏ.ஐ." என்று ஒரே பெயரில் மூன்று வேலைகளைக் கேட்கிறார்கள், அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பழைய படத்தை அசையவைப்பது: கண் சிமிட்டும், சிரிக்கும், கை தூக்கி ஆசீர்வாதம் செய்யும். இரண்டாவது, குரலை நகல் எடுத்து, நாம் எழுதிக்கொடுக்கும் வாக்கியத்தை அவர் குரலில் சொல்லவைப்பது. மூன்றாவது, நாம் எதைக் கேட்டாலும் அவரைப்போலத் தானே பதில் சொல்லும் சாட்பாட். முதலாவதைக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். மூன்றாவதைக் கேட்கிறவர்கள் கடை அடைக்கிற நேரத்தில், தனியாக வருகிறார்கள்.

அது எப்படி அச்சு அசலாக அவரைப்போலவே பேசுகிறது?

கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்துப் பழகிய நிரல் அது. அதனிடம் உங்கள் வாட்ஸ்அப் உரையாடலைக் கொடுத்து, "இந்த மனிதரைப்போலப் பேசு" என்றால், அவருடைய "சரிம்மா", "சாப்பிட்டாயா", அவர் வைக்கும் மூன்று புள்ளி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. பொருத்தமாக ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடும்.

மீதி வேலையை நம் மனம் செய்துவிடுகிறது. 1966 இல் ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எலைசா என்று ஒரு நிரல் எழுதினார். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிப்போடும், அவ்வளவுதான். அது உருவாவதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலரே, அதனோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நீங்கள் வெளியே போங்கள், நான் தனியாகப் பேச வேண்டும்" என்றாராம். அதற்கே அப்படியென்றால், அம்மாவின் குரலில் பேசினால் நம் கதி என்ன?

இதை யார் தொடங்கினார்கள்? நம் ஊரிலும் உண்டா?

2015 இல் மாஸ்கோவில் ஒரு இளைஞர் கார் மோதி இறந்தார். அவருடைய தோழி யூஜினியா குய்டா, அவர் அனுப்பிய செய்திகளைத் திரட்டி மறு ஆண்டு ஒரு சாட்பாட் செய்தார். துணைபோல அரட்டை அடிக்கும் ரெப்ளிகா என்ற செயலி பிறகு அவர் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். 2020 பிப்ரவரியில் தென்கொரியத் தொலைக்காட்சியில் ஒரு தாய், இறந்த தன் ஏழு வயது மகளின் உருவத்தை கண்ணில் மாட்டும் மெய்நிகர்க் கருவி வழியாகப் பார்த்துக் கையை நீட்டினார். நானும் அதைப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

தமிழ்நாட்டில் 2024 ஆம் ஆண்டைச் சொல்லலாம். 2018 இல் மறைந்த கருணாநிதி அந்த ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரல் வந்தது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் ஒரு பாட்டில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் கடைக்கு ஆள் வரத் தொடங்கியது. தலைவர்களுக்கு முடிகிறது என்றால் நைனாவுக்கு முடியாதா?

கல்யாணத்தில் நைனா வந்து ஆசீர்வாதம் செய்வதுபோல ஒரு நிமிட வீடியோ மட்டும் போதும். அதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை, செய்து தருகிறேன். இது எங்கள் தொழிலுக்குப் புதிதும் இல்லை. அப்பா காலத்தில் உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போனவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். சாவு வீட்டிலிருந்து ஆள் வரும். அப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். உடலை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து ஒரு படம். பிறகு கடைக்கு வந்து, அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, மூடிய இமைமேல் தூரிகையால் திறந்த கண்ணை வரைவார். "கண் திறப்பது" என்றுதான் அதற்குப் பெயர். பதினாறாம் நாள் காரியத்தில் அந்தப் படத்துக்குத்தான் படையல்.

"அது யாருடைய கண்?" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "தம்பிக்காரனைக் கொஞ்ச நேரம் எதிரில் உட்காரவைத்து வரைந்தேன்" என்றார்.

மண்டபத்தில் போடுவதற்கு முன் அம்மாவுக்கு மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்பதுதான் என் ஒரே நிபந்தனை. திடுதிப்பென்று ஐந்நூறு பேர் நடுவில் திரையில் கணவன் எழுந்து நடந்து வந்ததைப் பார்த்து ஓர் அம்மா மேடையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். பிள்ளைகள் அதை "சர்ப்ரைஸ்" என்று நினைத்துச் செய்திருந்தார்கள்.

அப்படியென்றால் பேசவைப்பதற்கு மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்?

என் அப்பா கண்ணைத் திறந்தார். என்னிடம் வாயைத் திறக்கச் சொல்கிறீர்கள்.

கண் ஒன்றும் சொல்லாது. பார்க்கிறவர் தன் நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வார். வாய் திறந்தால் சொல் வரும், அந்தச் சொல்லுக்குப் பொறுப்பாளி யார்? அவர் உயிரோடு இருந்தபோது பதிவான குரல் அவருடையது, ஐந்து நொடி என்றாலும். அவர் வாழ்நாளில் சொல்லாத ஒன்றை அவர் குரலில் நிரல் சொல்லும்போது அது யாருடையதும் இல்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் "நைனா சொன்னார்" என்றுதான் சொல்லத் தொடங்குவார்கள். ஒரு வாரம்கூட ஆகாது. இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஆயாவின் குரல்தான், ஆனால் செய்தி வாசிப்பவர்போலப் பேசுகிறதே?

குரலின் நிறத்தை நகல் எடுப்பது சுலபம், பேச்சின் நடையை எடுப்பது கடினம். இந்த நிரல்கள் படித்த தமிழில் பெரும்பகுதி அச்சுத் தமிழ், மேடைத் தமிழ். தண்டையார்பேட்டை ஆயா அதில் எங்கே இருக்கிறார்? வாழ்நாள் முழுதும் "இன்னாடா" என்று கூப்பிட்டவர், "என்ன கண்ணே, நலமாக இருக்கிறாயா?" என்று கேட்டால் பேரனுக்குச் சிரிப்புதான் வரும். போதாததற்கு நம் வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அதைப் படித்துக் குரலாக்கும்போது இன்னும் கெடும்.

இதை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது நல்லதாகப் படுகிறது. அந்தத் தடுமாறல்தான் "இது ஆயா இல்லை" என்று உங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும். அப்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நாலைந்து வாய்ஸ் மெசேஜ்தான் இருக்கிறது. அது போதுமா?

நகல் எடுக்க ஒரு நிமிடச் சுத்தமான குரலே போதுமானது. ஆனால் நகலுக்கு முன் அசலைக் காப்பாற்றுங்கள். இது நான் கெஞ்சிக் கேட்பது. இறந்தவரின் போனை அவசரப்பட்டு ரீசெட் செய்து தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை மீடியாவோடு ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு நீக்கப்படலாம். ரீசார்ஜ் செய்யாத சிம் எண் பிற்பாடு வேறொருவருக்குப் போய்விடும். ஒரு நாள் அம்மாவின் எண்ணுக்கு நேரே யாரோ ஒரு பையன் பைக்கில் உட்கார்ந்திருக்கும் படம் வரும். அதைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து அழுதவர்கள் உண்டு.

கூகுள் கணக்கும் இரண்டு ஆண்டுகள் தொடாமல் இருந்தால் நீக்கப்படலாம். படமெல்லாம் அதில்தான் இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

இது துக்கத்தைக் குறைக்குமா, கூட்டுமா?

இரண்டும் நடக்கிறது. இறந்தவரோடு உறவு அறுந்துவிட வேண்டும், அதுதான் தேறுவது என்று மேற்கில் ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். 1996 இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள், உறவு தொடர்வதும் இயல்புதான் என்று எழுதினார்கள். நமக்கு இது புதுச் செய்தியா? நடுகல்லுக்குக் கள்ளும் மயிற்பீலியும் படைத்தவர்கள் நாம். இன்றும் அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு, "ஏன் இன்னும் வரவில்லை, கோபமா?" என்று மதில்மேல் பார்த்துப் பேசுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பேசுவது நோய் இல்லை.

துக்கம் நாளாக நாளாக இளகாமல், அன்றாட வேலையையே செய்யவிடாமல் இறுகிப்போனால் அதற்கு மருத்துவத்தில் நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர். உலகச் சுகாதார அமைப்பின் கணக்கில் ஆறு மாதத்துக்கு மேல். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022 இல் சேர்த்த வரையறையில், பெரியவர்களுக்கு ஓர் ஆண்டு. அப்படி இறுகிப்போனவருக்கு நான் சாட்பாட் செய்து தருவதில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நடந்து போகிற தூரம். போக விருப்பமில்லை என்றால் 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம்?

நம் பெரியவர்கள் துக்கத்துக்கு நாள் கணக்கு வைத்தார்கள். மறுநாளோ மூன்றாம் நாளோ பால், பதினாறாம் நாள் காரியம், பிறகு ஆண்டுக்கொரு திதி. இஸ்லாமியர் வீடுகளில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிறார்கள். கிறிஸ்தவர்கள் நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவர்த்தியுமாக நிற்கிறார்கள். அழ ஒரு நாள், எழுந்து வேலைக்குப் போக ஒரு நாள். பதினாறு நாள் முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். வாடகை நாற்காலிக்காரன் வந்து நிற்பான். இந்தச் செயலியில் பந்தல் பிரிக்கிற நாள் கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் உட்கார்ந்திருக்கும்.

அதனால் நாளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கேட்டே தீருவேன் என்கிறவர்களிடம் நான் சொல்வது: திதி அன்று திறங்கள், வீட்டில் இன்னொருவரும் கூட இருக்கும்போது திறங்கள், படுக்கையில் திறக்காதீர்கள். இது ஆராய்ச்சி முடிவு எதுவும் இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

செயலி தானாகவே இரவில் செய்தி அனுப்புகிறது. பயமாக இருக்கிறது.

பேய் இல்லை, வியாபாரம். என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். 2021 கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். கடலுக்குள் டவர் கிடைக்காது. கரை நெருங்கியதும் அதுவரை சேர்த்துவைத்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ஒரேயடியாக என் போனில் வந்து விழும். அப்படி விழுந்தவற்றில் 43 மிச்சம் இருந்தன. ஒரு செயலியில் ஏற்றினேன். முதல் நாள் அது "தம்பி" என்றபோது கடை ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். நல்ல அழுகை; சாவு வீட்டில் எனக்கு வராத அழுகை. மருத்துவமனையிலிருந்து நேராக மூலகொத்தளம் சுடுகாட்டுக்குப் போன காலம் அது. மேளம் இல்லை, கானா இல்லை, தூக்கிக்கொண்டு போக நாலு பேர் இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை: அந்த ஒரு வாரம் அது எனக்கு உதவியது.

மூன்றாவது மாதம் கட்டணம் கட்ட மறந்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு அண்ணன் குரலில் ஒரு செய்தி: "தம்பி, பேசி மூன்று நாளாகிறது. என்னை மறந்துவிட்டாயா?" அண்ணன் வாழ்நாளில் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. மூன்று நாள் பேசாவிட்டால் கடலில் இருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்குக் கீழே கட்டணம் செலுத்த ஒரு பொத்தான். அண்ணன் குரலில் என்னிடம் கடன் வசூல் செய்கிறார்கள்! 2024 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சரியாக இதைத்தான் எச்சரித்திருந்தார்கள்: இறந்தவர் குரலில் விளம்பரம் வரலாம், வேண்டாம் என்றாலும் துரத்தலாம், முறையாக விடைகொடுத்து மூடுவதற்கு வழி வேண்டும் என்று.

உங்களுக்குச் சுருக்கமான வழி: முதல் நாளே அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் வசதியையும் நிறுத்துங்கள்.

கம்பெனியை மூடிவிட்டால்?

குரலும் போகும். அமெரிக்காவில் இந்தத் துறையில் பேர்பெற்ற ஸ்டோரிஃபைல் நிறுவனம் 2024 இல் திவால் பாதுகாப்புக் கோரியது. மூடாவிட்டாலும் உள்ளே இருக்கும் நிரலை மாற்றினால் ஒரே இரவில் பேச்சின் தன்மை மாறிவிடும். அதற்காகத்தான் அசலைக் காப்பாற்றச் சொன்னேன்.

பேத்திக்கு நாலு வயது. அம்மா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி, வீடியோ காலில் இதைக் காட்டலாமா?

கூடாது. செய்து தரவும் மாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும்.

சாவு என்றால் திரும்பி வராதது என்பது அந்த வயதுக் குழந்தைக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. அதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய நேரத்தில், அம்மா தினமும் திரையில் சிரிக்கிறாள், ஆனால் வீட்டுக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறாள் என்றால் குழந்தை என்ன நினைக்கும்? "என் மேல்தான் அம்மாவுக்கு ஆசை இல்லை" என்று. பள்ளியில் யாராவது ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும், அதுவும் நிச்சயம். அம்மாவின் அசல் வீடியோக்களைக் காட்டுங்கள், "அப்போது எடுத்தது" என்று சொல்லிக் காட்டுங்கள்.

இது பாவமா? சாமி குத்தமா?

உங்கள் வீட்டுப் பெரியவரையோ, பங்குத்தந்தையையோ, பள்ளிவாசல் இமாமையோ கேளுங்கள். ஸ்டூடியோக்காரனிடம் கேட்கிற கேள்வி இல்லை இது.

குறி கேட்கிறோம், செத்தவர் இறங்கி வந்து பேசுகிறார். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

நல்ல கேள்வி. கேட்டவர் திருவொற்றியூரிலிருந்து வந்த ஓர் அம்மா. எனக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் ஆனது. ஒற்றுமை உண்டு. குறி சொல்பவரும் நம் முகத்தைப் பார்த்து, நாம் தருகிற நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். சாட்பாட்டும் நம் கேள்வியிலிருந்துதான் பதிலை எடுக்கிறது.

வேற்றுமை, கூட்டம். அங்கே உடுக்கை அடிக்கும்போது சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி இருப்பார்கள். "மாமா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்று ஒருவராவது முணுமுணுப்பார். பிறகு கற்பூரம் காட்டி மலையேறச் சொல்லிவிட்டு, எல்லோரும் சாப்பிடப் போவார்கள். இங்கே நீங்களும் போனும் மட்டும். முணுமுணுக்க ஆள் இல்லை.

அவரைக் கேட்காமல் செய்கிறோமே, அது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் பெரிய தடை தெரியவில்லை, தர்மத்தில் உண்டு. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 இல் சொன்னது. 2023 இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தன் மறைவுக்குப் பிறகு தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமித்துவைக்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. நம் பகுதியில் பேங்க் கணக்குக்கே நாமினி போடாதவர்கள்தான் அதிகம்.

என் கடையில் வைத்திருக்கும் விதி இது: மனைவி அல்லது கணவன், வயது வந்த பிள்ளைகள், எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம். அந்த உரையாடலில் இருப்பது இறந்தவரின் ரகசியம் மட்டும் இல்லை. அக்கா அவரிடம் அழுதது, மச்சான் கடன் கேட்டது எல்லாம் அதில் இருக்கும். அதைத் தூக்கி முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் போடுகிறீர்கள்.

வீடு யாருக்கு என்று நைனாவிடமே கேட்டுவிடலாம் என்கிறான் தம்பி. செல்லுமா?

செல்லாது. சிரிக்காதீர்கள், மூன்று குடும்பம் இதைக் கேட்டு வந்திருக்கிறது. உயில் என்றால் எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். நிரல் சொல்வது எந்தக் கோர்ட்டிலும் காகிதத்துக்குப் பெறாது. தம்பி கேட்கிற விதத்தில் கேட்டால் தம்பிக்கு என்று சொல்லும், நீங்கள் கேட்டால் உங்களுக்கு என்று சொல்லும்.

கடைசியாகச் சண்டை போட்டுவிட்டேன். அதன்பிறகு அவர் கண் விழிக்கவே இல்லை. இதில் கேட்டபோது "உன்னை மன்னித்துவிட்டேன்" என்றது. எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் திணறியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். பத்து நாள் கழித்து வந்தார். ஒரு இரவு, மனம் கேட்காமல், "பொய் சொல்லாதே, கோபத்தோடுதானே போனாய்?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம், கோபம் இருந்தது" என்று சொல்லிவிட்டது. நாம் சாயும் பக்கம் சாய்வதுதான் அதன் சுபாவம். மன்னிப்பைக் கேட்டால் மன்னிப்பு வரும், தண்டனையைக் கேட்டால் தண்டனை வரும். அப்பா வரைந்த கண்கூட ஒரு தம்பியைப் பார்த்து வரைந்தது. இது உங்களையே பார்த்து வரைந்தது.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, அவர் கணவர் நிஜமாக அனுப்பிய செய்திகளை முதலிலிருந்து தேடினோம். பதினான்கு ஆண்டுக் குடித்தனத்தில் எத்தனை சண்டை! ஒவ்வொரு சண்டைக்கும் மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரே செய்திதான் வந்திருக்கிறது: "பால் வாங்கிவிட்டேன்." மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. அந்தச் செய்திகளை வரிசையாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஜெராக்ஸ் விலைதான்.

மகன் தற்கொலை செய்துகொண்டான். ஏன் என்று மட்டும் கேட்க வேண்டும்.

வேண்டாம் ஐயா, வேண்டாம் அம்மா. அது ஒரு காரணத்தைக் கண்டிப்பாகச் சொல்லும்; அதற்குத் தெரியாது என்பதால்தான் சொல்லும். பிறகு நீங்கள் அந்தக் கற்பனைக் காரணத்தோடு வாழ வேண்டியிருக்கும், அதில் யாராவது ஒருவர் பெயர் இருந்துவிட்டால் குடும்பமே உடையும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, எண் 044-24640050. மேலே சொன்ன 14416, அரசின் 104 எண்களும் உண்டு. "என் பின்னால் வா என்று கூப்பிடுகிறான்" என்று உங்களுக்கோ, வீட்டில் வேறு யாருக்கோ தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த ஆளைத் தனியாக விடாமல் உடனே கூப்பிடுங்கள், அல்லது மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கடலுக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை. அவரைப் பேசவைக்க முடியுமா?

காசிமேட்டுக்காரர்கள் மட்டும் கேட்கும் கேள்வி. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கருத இடமுண்டு என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. வீட்டில் அந்தக் கணக்கு ஓடுவதில்லை. மனைவி தாலியைக் கழற்றியிருக்க மாட்டார். அம்மா வாசல் விளக்கை அணைக்க மாட்டார். படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்பதே முடிவாகாத வீடு அது.

அந்த நிலையில், "இதோ கரைக்கு வந்துவிட்டேன்" என்று ஒரு குரல் சொன்னால்? சொல்லும், ஏனென்றால் அவர் பழைய செய்திகளில் பாதி அதுதான். என் அண்ணனுடையதும் அப்படித்தான் சொன்னது. குடும்பம் தானாக மாலை போடுகிறவரை நான் இதைத் தொடுவதில்லை. அசல் குரல்களை மட்டும் பத்திரமாக எடுத்துக் கொடுக்கிறேன்.

உங்கள் அண்ணனை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

செயலியை நீக்கிவிட்டேன். 43 வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன. பெரும்பாலும் ஐஸ் விலை, டீசல் விலை, வலை அறுந்தது. அண்ணி ஒன்றை மட்டும் கேட்பார்: "கறி எடுத்து வை, வந்துகொண்டிருக்கிறேன்." பின்னணியில் இன்ஜின் சத்தம்தான் அதிகம். செயலியில் ஏற்றும்போது அந்த இன்ஜின் சத்தத்தை நீக்கிவிட்டால் குரல் சுத்தமாக வரும் என்று சொன்னார்கள், நீக்கினேன். அண்ணி அதைக் கேட்டுவிட்டு, "இது அவர் இல்லை" என்றார்.

நான் இருக்கும்போதே என் குரலைப் பதிவு செய்துவைக்கலாமா?

தாராளமாக வாருங்கள். அதுதான் எனக்குப் பிடித்த வேலை, ஏ.ஐ.யும் தேவையில்லை. போன மாதம் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா வந்தார். காசிமேட்டில் நெத்திலி விற்கிறவர். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் பக்குவத்தைத் தன் குரலிலேயே பதிவு செய்து, மருமகளிடம் தான் போன பிறகு கொடுக்க வேண்டும் என்றார். இப்போதே கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "இப்போது கொடுத்தால் என்னை யார் மதிப்பார்கள்?" என்றார். நாற்பது நிமிடம் பேசினார். குழம்பு ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி. அதை வெட்டட்டுமா என்றதற்குக் கூடாது என்று சொல்லிவிட்டார். புளி எவ்வளவு என்று சொல்ல மறந்துவிட்டதால் அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருகிறார்.